இரண்டு சாம்பல் டிக்

மலைமேல் ஒண்டிக்கடை முக்கிலிருந்து மேலே ஏறிப்போகிற சந்தில் ஓடு வேய்ந்த வீடு ஒன்று இருக்கிறது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்ற சூசைமாணிக்கத்தின் வீடு. அதில் அவரும் அவருடைய மருமகள் லூர்துசெல்வியும் இருந்தார்கள். மகன் ஆசிர் இல்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை என்று போனவன், முதலில் மாதம் ஒருமுறை வந்தான், பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும் வந்தான், பிறகு அதுவும் நின்றுபோனது. அங்கே இன்னொரு பெண்ணோடு குடும்பமாக இருக்கிறான் என்பது சந்து முழுக்கத் தெரியும். லூர்துசெல்வியிடம் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. அவளாகவும் பேச்செடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மாமனாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போவாள், பெண்கள் பக்கம் உட்கார்ந்து பாட்டெல்லாம் சரியாகப் பாடுவாள், வந்து சோறு வடிப்பாள்.

வீட்டுக்குக் கொஞ்சம் மேலே சேலத்துக்காரர் கமலக்கண்ணன் கட்டிய காட்டேஜ் இருந்தது. அங்கே அவளுக்கு வேலை. சமைக்க வேண்டும், படுக்கை விரிப்பு மாற்ற வேண்டும், வருகிறவர்களுக்கு கேட் திறந்துவிட வேண்டும். யார் வருகிறார்கள், எத்தனை பேர், சைவமா அசைவமா என்பதையெல்லாம் முதலாளி வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவார். ஒருமுறை சிக்னல் போய்விட, ஒரு குடும்பம் மழையில் பூட்டிய கேட்டுக்கு வெளியே கைக்குழந்தையோடு நின்றிருக்கிறது. அதிலிருந்து அவர் அனுப்பியதை அவள் பார்த்தாளா என்று கவனிக்க ஆரம்பித்தார். டிக் நீலமாக மாறவில்லை என்றால் போன் வந்துவிடும்.

“ஏனுங்க செல்வி, நீலம் விழுந்தாத்தான் எனக்கு நிம்மதி. பதில்கூட வேண்டியதில்லைங்க.”

முதலாளியின் கெடுபிடி அவளுக்குப் புரியாததல்ல. அவளும் அப்படித்தான் இருந்தாள். மகள் ஜோஸ்லின் கோயம்புத்தூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். காலையில் ‘சாப்ட்டியா கண்ணு’ என்று அனுப்பிவிட்டுத்தான் லூர்துசெல்வி அடுப்பைப் பற்றவைப்பாள். ஒற்றை டிக் என்றால் மகள் போனை அணைத்து வைத்திருக்கிறாள். இரண்டு சாம்பல் டிக் என்றால் போன் விழித்திருக்கிறது, மகள் இன்னும் கையில் எடுக்கவில்லை. நீலம் விழுந்துவிட்டால் போதும். பதில் சாயங்காலம் வரட்டும், வராமலும் போகட்டும், பிள்ளை பார்த்துவிட்டாள்.

அந்தச் செய்தி காட்டேஜ் சமையலறையில் இருந்தபோது வந்தது. பொங்கலுக்கு மிளகு தாளித்துக்கொண்டிருந்தாள். தெரியாத எண். திரையின் மேலே ஒரு வரி வந்து பாதியில் அறுந்து நின்றது. ‘ஆசிர் என்பவர் தங்கள்மீது தொடர்ந்துள்ள விவாகரத்து வழக்கில் தாங்கள்...’ அவ்வளவுதான் தெரிந்தது. மீதியைப் பார்க்க வேண்டுமென்றால் தொட வேண்டும். அவள் தொடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கருகிப்போன மிளகைக் கொட்டி, மறுபடியும் தாளித்தாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து மாமனாரிடம் காட்டினாள். சூசைமாணிக்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த அரைவரியை வெகுநேரம் பார்த்தார்.

“தொறக்காத,” என்றார்.

எஸ்டேட்டில் இருந்தபோது ரிஜிஸ்டர் தபால் எத்தனையோ பார்த்தவர் அவர். கையெழுத்துப் போட்டு வாங்கினால்தான் வந்த கணக்கு, வாங்க ஆளில்லை என்றால் தபால்காரர் திருப்பிக் கொண்டுபோய்விடுவார், அனுப்பினவன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று விளக்கினார். இதில் கையெழுத்து எங்கே இருக்கிறது என்று அவள் கேட்டாள். அந்த நீலம்தான் கையெழுத்து என்றார். அவருக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. அவர் சொன்ன உறுதியில் அவளுக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆசிர் திரும்பி வர வேண்டும் என்று ஜெபிப்பதை அவள் எப்போதோ விட்டிருந்தாள். அவன் வந்து வாசலில் நின்றால் என்ன செய்வது என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆனால் மருமகள் என்கிற ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அந்த வீட்டில் இருந்தாள். அது போய்விட்டால் எந்த முகத்தோடு அந்த அடுப்படியில் நிற்பது? மாரமங்கலத்தில் அண்ணன் இருக்கிறார், காப்பியும் மிளகுமாக நல்ல தோட்டம். அண்ணி முதல் வாரம் கறி எடுப்பாள், அடுத்த வாரம் எப்போது கிளம்புகிறாய் என்று பிள்ளைகளை விட்டுக் கேட்பாள். ஜோஸ்லினுக்குக் கல்யாணப் பேச்சு வருகிற காலம் வேறு. திறக்காத வரைக்கும் எதுவும் நடக்கவில்லை. அப்படித்தான் அவள் நினைத்தாள்.

அதற்குப் பிறகு போனைக் கையில் எடுப்பதே பயமாகிவிட்டது. வாட்ஸ்அப்பைத் திறந்தால் அந்த எண், அதன் ஓரத்தில் பச்சை வட்டம். காட்டேஜில் ஆள் நிறைய வருகிற நாட்களில் முதலாளியின் செய்திகளும் காய்க்கடைக்காரரின் செய்திகளும் அதைக் கீழே தள்ளிவிடும். கூட்டமில்லாத நாட்களில் அது மேலேயே நிற்கும். ஈரக்கையோடு போனைத் தொட மாட்டாள். கம்பளிப்பூச்சியை இலையோடு எடுப்பதுபோல இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்து எடுப்பாள். விருந்தாளிகளின் குழந்தைகள் விளையாடக் கேட்டால் சார்ஜ் இல்லை என்பாள். தூக்கத்தில் கை பட்டுவிடும் என்று அரிசிப் பானை மேல் வைத்துவிட்டுப் படுப்பாள். போனைத் தலைமுழுகிவிடலாம் என்றால் முதலாளி இருக்கிறார், மகள் இருக்கிறாள்.

அந்த எண்ணை அழித்துவிடலாமே என்றும் ஒருநாள் யோசித்தாள். அழிக்கப்போய் விரல் தவறித் திறந்துவிட்டால்? விட்டுவிட்டாள். கோடை விழாக் கூட்டம் இறங்கிய பிறகு அதே எண்ணிலிருந்து இன்னொன்று வந்தது. ‘நினைவூட்டல்: தாங்கள் ஆஜராக வேண்டிய...’ இதுவும் அறுந்து நின்றது. பச்சை வட்டத்தில் எண் கூடியது, அவ்வளவுதான்.

மாமனார் தினமும் கேட்பார். “தொறக்கலையே?”

“இல்லைங்க மாமா.”

“ஆங். அப்படியே இருக்கட்டும்.”

காலேஜ் பெண்கள் சிலர் காட்டேஜில் வந்து தங்கினார்கள். அவர்களில் ஒருத்தி சமையலறைக்கு வந்து பேச்சுக்கொடுத்துக்கொண்டே வெங்காயம் உரித்தாள். அவளிடம், யாருக்கோ கேட்பதுபோல, படித்தாலும் படிக்காத மாதிரி காட்ட வழியிருக்கிறதா என்று லூர்துசெல்வி கேட்டுவிட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போனை வாங்கினாள். அவள் விரல் அந்த எண்ணில் பட்டுவிடப் போகிறதே என்று லூர்துசெல்வி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ போய் எதையோ அணைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். இனி நீங்கள் எதைப் பார்த்தாலும் யாருக்கும் தெரியாது, ஆனால் மற்றவர்கள் பார்த்தார்களா என்பது உங்களுக்கும் தெரியாது என்றாள்.

அப்போதாவது திறந்திருக்கலாம். திறக்கவில்லை. கோர்ட்டுக்குத் தெரியாமல் இருக்குமா என்று ஒரு சந்தேகம். அதைவிட, உள்ளே இருப்பதைப் படித்துவிட்டால் படிக்காதவளாக இருக்க முடியாதே என்கிற பயம்.

மறுநாள் காலையிலிருந்து ஜோஸ்லினுக்கு அனுப்பியது எதுவும் நீலமாகவில்லை. ஏன் என்று தெரிந்தும் மனசு கேட்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலோ, பஸ்ஸில் ஏதாவது ஆகியிருக்குமோ என்று சாம்பல் டிக்கையே பார்த்துக்கொண்டு நின்று பாலைப் பொங்கவிட்டாள். முதலாளி இரண்டு தடவை போன் செய்து, மூன்றாவது தடவை குரலை உயர்த்தினார். அந்த வாரக் கடைசியில் ஜோஸ்லினே கூப்பிட்டாள். மார்க் ஷீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாளாம், அம்மா அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லையாம். கூடப் படிக்கிறவர்களின் அம்மாக்கள் எல்லாம் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார்களாம். பார்த்தேன் கண்ணு, அன்றைக்கே பார்த்தேன் என்றாள் லூர்துசெல்வி. மகள் நம்பவில்லை. அந்தப் பெண் அணைத்துவிட்டுப் போனதை, காய்க்கடைப் பையனிடம் கொடுத்து மறுபடி போடச் சொன்னாள்.

மழை பிடித்தது. மலை நாள் கணக்கில் மூடிக் கிடந்தது. சூசைமாணிக்கத்துக்குச் சளி கட்டி, பிறகு காய்ச்சலாகி, ஒரு விடியற்காலையில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜீப் பிடித்துக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூக்கில் குழாய் வைத்த பிறகு, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அவள் ஆசிருக்கு எழுதினாள். அவனுக்கு எழுதி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ‘அப்பாவுக்கு மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. நீங்க வரணும்.’

ஆஸ்பத்திரியில் சிக்னல் நன்றாக இருந்தது. உடனே இரண்டு டிக் விழுந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் நீலமானது. அவன் பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று காட்டியது. அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு அந்த ஆன்லைனும் போய்விட்டது.

மத்தியானம் வரை அவன் ஒன்றும் எழுதவில்லை. சாயங்காலமும் இல்லை. இத்தனை வருஷமும் அவனுக்கு ஏதோ வேலை, நம்பர் மாறியிருக்கும், யாரோ பார்க்கவிடாமல் செய்கிறார்கள் என்று ஏதாவது ஒன்றை அவளால் நினைத்துக்கொள்ள முடிந்தது. இப்போது முடியவில்லை. பெற்ற அப்பனுக்கு மூச்சு முட்டுகிறது என்பதைப் படித்துவிட்டு ஒருவன் போனை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. காது மடல் சூடேறியது. வேகமாகக் கீழே தள்ளிக்கொண்டே போய், அந்த எண்ணைக் கண்டுபிடித்து, கட்டைவிரலால் அழுத்தினாள்.

ஆஜராக வேண்டிய தேதி மழைக்கு முன்னாலேயே போயிருந்தது.

மாமனார் தேறி வீட்டுக்கு வந்த பிறகு செய்தியில் இருந்த கோர்ட்டைத் தேடி அவள் சேலத்துக்குப் பஸ் ஏறினாள். திறந்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க இறங்க அவளுக்குக் காது அடைத்தது. கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி எங்கே என்று கேட்டுக் கேட்டுப் போனாள். சரஸ்வதி என்கிற வக்கீலம்மா அவளுடைய போனை வாங்கிப் பார்த்து, வழக்கு எண்ணைக் குறித்துக்கொண்டு போய் விசாரித்து வந்தார். தீர்ப்பே ஆகிவிட்டது என்றார். நீங்கள் வரவில்லை, பதிலும் போடவில்லை, அதனால் உங்கள் வீட்டுக்காரர் சொன்னதை மட்டும் வைத்து முடித்துவிட்டார்கள்.

“நீலம் விழலையேங்க,” என்றாள் லூர்துசெல்வி.

“ரெண்டு டிக் விழுந்ததைப் படம் எடுத்துக் குடுத்திருக்காங்க. உங்க போனுக்கு வந்து சேந்துருச்சு, அது போதும்னு எடுத்துக்கிட்டாங்கம்மா.”

அரிசிப் பானை மேல் அந்தப் போன் கவிழ்ந்து கிடந்த நாட்களிலெல்லாம் வழக்கு தன்பாட்டுக்கு நடந்திருக்கிறது.

வக்கீலம்மா ஆசிர் கொடுத்த மனுவில் இருந்ததைத் தமிழில் படித்துச் சொன்னார். மனைவி சேர்ந்து வாழ மறுத்தாள், கணவனை வீட்டைவிட்டு விரட்டினாள். லூர்துசெல்வி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வரி, வயதான மாமனாரைச் சோறு போடாமல் பட்டினி போட்டுக் கொடுமைப்படுத்தினாள் என்று இருந்தது. அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். யாரும் மறுக்காததால் அதுவும் உண்மை என்றே எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது என்றார் வக்கீலம்மா. தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம், மலையில் சிக்னல் கிடைக்காது என்பது ஊருக்கே தெரியும், செய்தி வரவேயில்லை என்று எழுதிவிடலாம் என்றும் சொன்னார்.

“வந்துச்சுங்க.”

“நீங்க பாக்கலைதானே?”

“பாக்கலைங்க. ஆனா என்னன்னு தெரியும்.”

சரஸ்வதி பேனாவைக் கீழே வைத்தார். “பயந்துக்கிட்டுத் தொறக்கலைன்னு எழுதினா ஒத்துக்குவாங்களான்னு எனக்குத் தெரியலைம்மா.”

“அப்படியே எழுதுங்க,” என்றாள் லூர்துசெல்வி. “அவரு எனக்கு வேண்டாங்க. அந்த ஒரு வரியை மட்டும் எடுக்கணும்.”

அதற்கு மாமனார் ஒரு வாக்குமூலம் கொடுத்தால் நல்லது என்றார் வக்கீலம்மா. அன்று சாயங்காலமே வீடு திரும்பி மாமனாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள், அந்த வரியையும் சேர்த்து. சூசைமாணிக்கம் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கேட்டார். கேட்டுவிட்டு, அவள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். வழக்குப் போடப்போகிறேன் என்று ஆசிர் அவருடைய பட்டன் போனில் முன்னாலேயே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறான். அவளிடம் சொல்லித் தயார்படுத்தச் சொன்னானாம். இவர் சொல்லவில்லை.

“ஏனுங்க மாமா?”

“முடிஞ்சுட்டா நீ உங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவ. நீ போயிட்டா எனக்கு யாரு கண்ணு?”

இத்தனை நாள் தினமும் ‘தொறக்கலையே’ என்று கேட்டது அவளுக்காக என்றுதான் நினைத்திருந்தாள். சரி, அந்த வாக்குமூலத்தைக் கொடுங்கள் என்று கேட்டாள். அதற்கு அவர் அழுதார். என் மகன் பொய் சொன்னான் என்று என் கையால் எழுதிக்கொடுக்கச் சொல்கிறாயா, நாளைக்கு என்னைக் குழியில் இறக்க அவன்தானே வர வேண்டும் என்றார். அவள் மறுபடி கேட்கவில்லை.

அன்றைக்கு அவருக்குக் கஞ்சி ஊற்றக் கை வரவில்லை. அடுப்புக்கு முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். ஊற்றாவிட்டால் கோர்ட்டில் எழுதியிருப்பது உண்மையாகிவிடும் என்று தோன்றியது. ஊற்றிக் கொண்டுபோய் வைத்தாள். எப்போதும் தொட்டுக்கொள்ளத் துவையல் வைப்பாள். அன்று உப்பு மட்டும் வைத்தாள். அவர் அதைத் தொட்டுக்கொண்டு குடித்தார்.

ஜோஸ்லினிடம் இனியும் மறைக்க முடியவில்லை. விஷயம் தெரிந்த அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டாள். அப்பா மேல் இருந்த கோபத்தைவிட அவளுக்கு அம்மா மேல்தான் கோபம். இத்தனை மாதம் தினமும் சாப்ட்டியா, தூங்கினியா என்று கேட்டாயே, இதை ஒரு வரி எழுதக்கூடாதா என்றாள். துணியெல்லாம் எடுத்துக்கொள், என்னோடு வா, ஹாஸ்டலுக்குப் பக்கத்தில் ஒரு ரூம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். உள்ளறையில் தாத்தா இருமிக்கொண்டிருந்தார்.

“உன்னை யாரும்மா இங்க கட்டி வெச்சிருக்காங்க?”

லூர்துசெல்வி அடுப்பில் கல்லைப் போட்டாள். மகளுக்குத் தோசை ஊற்றிக் கொடுத்தாள்.

தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கும் மனுவை அவள் சொன்னபடியே எழுதினார்கள். பயந்துபோய்த் திறக்காமல் வைத்திருந்தேன் என்று இருந்ததை நீதிபதி படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை அவளைப் பார்த்தார். அடுத்த தேதிக்கு ஆசிரையும் வரச் சொன்னார்கள்.

அவன் வந்தான். காதோரம் நரைத்திருந்தது, சட்டை உடம்புக்குப் பெரிதாக இருந்தது. கோர்ட் தாழ்வாரத்தில் தூணோரம் நின்றவன், அவளைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கி அருகில் வந்தான்.

“அப்பா எப்படி இருக்காரு?”

“நான் போட்டதைப் பாத்தீங்களே.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வருவதற்கு முகமில்லை, என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை என்று முணுமுணுத்தான். அவள் பையிலிருந்து அவனுடைய பழைய மனுவின் நகலை எடுத்து, அந்த வரியைக் காட்டினாள்.

“இது வக்கீல் எழுதினது செல்வி. நான் படிச்சுக்கூடப் பாக்கலை. கையெழுத்து மட்டும்தான் போட்டேன்.”

“இப்பப் படிங்க.”

அவன் நின்றபடியே படித்தான். உதடு அசைந்தது. படித்து முடித்த பிறகும் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். சரஸ்வதி வந்து இரண்டு பேரிடமும் பேசினார். பழைய தீர்ப்பை ரத்து செய்யட்டும், பிறகு இருவரும் சம்மதித்துப் பிரிவதாகச் சேர்ந்து புதிதாக ஒரு மனு போடலாம், அதில் யார் மேலும் எந்தக் குற்றமும் எழுத வேண்டாம் என்றார். ஆசிர் உடனே சரி என்றான். லூர்துசெல்வி, எழுதியதை முழுசாகப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போடுவேன் என்றாள்.

அது முடிய இன்னொரு மழைக்காலம் போனது. அதுவரை ஒவ்வொரு தேதிக்கும் மலை இறங்கினாள், ஏறினாள். கடைசியாகத் தீர்ப்புச் சொன்ன அன்று, இரு தரப்பும் மனமொத்துப் பிரிகிறார்கள் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. சரஸ்வதி அதை அவளுக்காக இரண்டு தடவை படித்தார்.

வீட்டுக்கு வந்தபோது சூசைமாணிக்கம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றாள். எப்போது கிளம்புகிறாய் என்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமல், வெந்நீர் இருக்கிறதா என்று கேட்டார். அவள் அடுப்பை மூட்டினாள்.

ஜோஸ்லின் படிப்பை முடித்துவிட்டுக் கோயம்புத்தூரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். வீடு பிடித்து, அம்மாவுக்கென்று இன்னொரு கட்டிலும் வாங்கிப் போட்டிருக்கிறாள். அந்தக் கட்டிலைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். தாத்தாவையும் கூட்டி வா என்றும் சொல்லிப் பார்த்தாள். எஸ்டேட் காற்றை விட்டு எங்கேயும் வர மாட்டேன், என்னைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று அவர் சொல்லிவிட்டார். ஆசிர் இப்போது மாதம் ஒரு முறை அப்பாவுக்குப் போன் செய்கிறான். அவர் பேசிவிட்டுப் போனை அவளிடம் நீட்டுவார். அவள் வாங்கி அணைத்துவிடுவாள்.

கோடைக் கூட்டம் போகட்டும், வருகிறேன் என்று மகளிடம் சொன்னாள். கூட்டம் போனதும் மழை வந்தது. மழையில் மாமனாரின் நெஞ்சைத் தனியாக விட முடியாது. மழை விட்டதும் கிறிஸ்துமஸுக்கு காட்டேஜ் நிறைந்துவிட்டது. தடுப்பவர் யாருமில்லை. துணிப்பை ஒன்று கதவுக்குப் பின்னால் மடித்துத் தயாராகத்தான் இருக்கிறது. காலையில் எழுந்ததும் மாமனாரின் நெற்றியில் கைவைத்துப் பார்க்கிறாள், சூடு இல்லை என்றால் காட்டேஜுக்குக் கிளம்புகிறாள். முதலாளி அனுப்பியிருப்பதைத் திறந்து படிக்கிறாள். நாலு பெரியவர்கள், ஒரு குழந்தை, சைவம், மதியம் வந்துவிடுவார்கள்.